மரபணு வெளிப்பாட்டை அளப்பது எப்படி? மாதிரி எடுப்பது முதல் முடிவு எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

மரபணு வெளிப்பாட்டை, அதாவது ஒரு மரபணு எவ்வளவு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது என்பதை அளக்க வேண்டும் என்றதும், ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேராக, டிஎன்ஏவைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்துப் பெருக்கும் பிசிஆர் கருவியின் முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. ரத்தம் எடுத்த குழாய், அது மேசையில் கிடந்த நேரம், ஒப்பீட்டுக்குத் தேர்ந்த மரபணு, பல குழிகள் கொண்ட பிளேட்டில் மாதிரிகளை அடுக்கிய விதம் ஆகியவைதான் கடைசியில் வரும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. உள்ளே போனது சரியான மாதிரிதானா என்று கருவிக்குத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் அது ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கருவியைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. மனித ரத்தம் அல்லது திசுவிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, பெருக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒளிர்வால் பார்க்கும் கியூபிசிஆர் முறையில் அளப்பதை முதன்மையாக வைத்துச் சொல்கிறேன். மாதிரியில் உள்ள ஆர்என்ஏக்களின் வரிசையையெல்லாம் படித்து எண்ணும் ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்யப்போகிறவர்களும் முதல் ஆறு படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவை இரண்டு முறைக்கும் பொது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பாளர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் முதலில் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் ஆர்என்ஏ ஆய்வு, மாதிரியைச் சேமித்து வைத்தல், தரவைப் பொதுக் களஞ்சியத்தில் பகிர்தல் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கட்டுரை வெளியிடும் நேரத்தில் திரும்பப் போய் ஒப்புதல் வாங்க முடியாது.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இடம், ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகளான ஆர்என்ஏஸ் இல்லாத டிப்புகளும் குழாய்களும், ஆர்என்ஏ வேலைக்கென்று ஒரு தனி மேசை ஆகியவை அடுத்த தேவை. பிசிஆர் முடிந்த குழாய்களைத் திறக்கும் இடம் அந்த மேசையிலிருந்து முடிந்தவரை தள்ளி, இயன்றால் வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரு குழாயில் பெருகிய பிரதிகளில் துளி காற்றில் கலந்தாலும், அடுத்த பிளேட்டில் தண்ணீர் கூடப் பாசிட்டிவ் காட்டும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“அழற்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா?” என்பதை அளக்க முடியாது. “சிகிச்சைக்கு முன்பும் 12 வாரம் கழித்தும் எடுத்த ரத்தத்தில், இன்டர்லூக்கின் 6 மரபணுவின் தூது ஆர்என்ஏ அளவு அதே நபரிடம் மாறுகிறதா?” என்பதை அளக்கலாம். எந்த மரபணு, எந்தத் திசு, எந்த நேரம், யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இந்த வாக்கியம் எழுத வராவிட்டால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

நாம் அளப்பது, புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோகும் தூது ஆர்என்ஏவின் அளவை. புரதத்தின் அளவை அல்ல. ஒரு செல்லில் எந்த நேரத்திலும் இருக்கும் ஆர்என்ஏ என்பது, அது உருவாகும் வேகத்துக்கும் சிதையும் வேகத்துக்கும் இடையே மிஞ்சியிருப்பது. அது கூடினால் புரதமும் கூடியிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. உங்கள் கேள்வி புரதத்தைப் பற்றியது என்றால், புரதத்தையும் தனியாக அளக்கத் திட்டமிடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். ரத்தமோ திசுவோ ஒரே வகைச் செல்லால் ஆனதல்ல. பாக்டீரியா தொற்று வந்தவரின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை ஏறும். இன்னொரு வகையான லிம்ஃபோசைட்டின் பங்கு குறையும். ஒரு செல்லுக்குள்கூட எந்த மரபணுவும் மாறாமலிருந்தாலும், லிம்ஃபோசைட் மரபணுக்கள் எல்லாம் “குறைந்துவிட்டன” என்றுதான் முடிவு வரும். இதற்கு எளிய காப்பு, அதே ரத்தக் குத்தலில் வெள்ளையணு வகை எண்ணிக்கையையும் எடுத்துவைப்பது. பிறகு பகுப்பாய்வில் அதைக் கணக்கில் சேர்க்கலாம். எடுக்காமல் விட்டால், பின்னால் கணினிக் கணிப்பைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

2. கேள்விக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

எந்த மரபணுக்கள் என்று முன்பே தெரியும், அவை ஒரு டஜன், இரண்டு டஜனுக்குள் இருக்கும் என்றால் கியூபிசிஆர் போதும். மருத்துவமனைகளிலேயே இது அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய் உருவாகும் ஆர்என்ஏவின் அளவை இப்படித்தான் தொடர்ந்து பார்க்கிறார்கள். சர்வதேச அளவுகோலில் அது 0.1 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்குவது சிகிச்சையின் முக்கியமான கட்டம்.

எந்த மரபணு மாறும் என்றே தெரியாமல் தேடுகிறீர்கள் என்றால் ஆர்என்ஏ சீக்வென்சிங். மிகக் குறைந்த பிரதிகளைத் துல்லியமாக எண்ண வேண்டுமென்றால் டிஜிட்டல் பிசிஆர். எந்த வகைச் செல்லில் மாற்றம் நடக்கிறது என்பதே கேள்வி என்றால் தனிச்செல் சீக்வென்சிங்.

பெரிய முறைதான் நல்ல முறை என்று நினைத்து, ஐந்து மரபணுக் கேள்விக்கு சீக்வென்சிங் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தச் செலவில் மாதிரிகளைக் கூட்டியிருந்தால் பதில் உறுதியாக வந்திருக்கும்.

3. மாதிரிகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் முன்பே முடிவு செய்யுங்கள்

ஒரே நோயாளியின் மாதிரியை மூன்று குழிகளில் ஓட்டினால் அது தொழில்நுட்ப மறுபதிப்பு. பைப்பெட் பிடித்த கை எவ்வளவு சீராக இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். மூன்று வெவ்வேறு நோயாளிகள் என்றால்தான் உயிரியல் மறுபதிப்பு. நோயைப் பற்றி எதையாவது சொல்ல முடிவது இதை வைத்துத்தான். 4 பேரை மூன்று மூன்றாக ஓட்டிவிட்டு 12 மாதிரிகள் என்று கணக்கெழுதினால் அந்தப் புள்ளியியல் சோதனைக்குப் பொருளே இல்லை.

எத்தனை பேர் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். சிறிய முன்னோட்டம் ஒன்று செய்து, ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். அந்த வேறுபாட்டையும், கண்டுபிடிக்க விரும்பும் மாற்றத்தின் அளவையும் ஒரு புள்ளியியலாளரிடம் கொடுத்தால் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். மனித மாதிரிகளில் இந்த வேறுபாடு செல் வளர்ப்பில் பார்ப்பதைவிட மிகப் பெரியது.

அடுத்தது வரிசை. நோயாளிகளின் மாதிரிகளைத் திங்கட்கிழமையும், ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளைச் செவ்வாய்க்கிழமையும் பிரித்தெடுத்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் நோயினுடையதா, நாளினுடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. ஒவ்வொரு தொகுப்பிலும் இரு தரப்பு மாதிரிகளும் கலந்திருக்க வேண்டும்; கலப்பதைக் குலுக்கல் முறையில் செய்து, அந்தப் பட்டியலை வேலை தொடங்கும் முன்பே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் வயது, பாலினம், மருந்துகள், புகைப்பழக்கம், சாப்பிட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், உறைய வைத்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ரத்தம் எடுத்த நேரம் சில்லறை விவரம் அல்ல. நாள்-இரவுச் சுழற்சியோடு ஏறி இறங்கும் மரபணுக்கள் நிறைய உண்டு. ஒரு குழுவுக்குக் காலையிலும் இன்னொரு குழுவுக்கு மாலையிலும் எடுத்தால் கடிகாரத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

4. மாதிரி எடுத்த நொடியிலேயே நிலைப்படுத்துங்கள்

உடலை விட்டு வெளியே வந்த ரத்தத்தில் செல்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. குழாய்க்குள் வந்த அதிர்ச்சிக்கே அவை எதிர்வினை காட்டும். சில மணி நேரத்தில் அழுத்தம் (ஸ்ட்ரெஸ்) சார்ந்த மரபணுக்கள் மேலே ஏறும், வேறு சில சிதையும். நோயே இல்லாத ஒருவரின் ரத்தமும் மேசையில் கிடந்தால் அழற்சி இருப்பதுபோலத் தோன்றலாம்.

முழு ரத்தத்துக்கு, ஆர்என்ஏவை உடனே நிலைப்படுத்தும் திரவம் உள்ள குழாய்களே பாதுகாப்பானவை. பேக்ஸ்ஜீன் குழாய் என்றால் 2.5 மி.லி. ரத்தம் எடுத்து, 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, குறைந்தது 2 மணி நேரம் அறை வெப்பநிலையில் விட வேண்டும். இந்த 2 மணி நேரத்தில்தான் செல்கள் முழுமையாக உடைகின்றன. எடுத்ததும் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஆர்என்ஏ குறைவாகவே கிடைக்கும். குழாயில் ரத்தம் குறைந்தாலோ கூடினாலோ திரவத்தின் விகிதம் மாறிவிடும், அதையும் குறித்துவையுங்கள்.

வெள்ளையணுக்களைப் பிரிக்கும் திட்டமென்றால் இடிடிஏ குழாய் எடுங்கள். ஹெபாரின் குழாய் வேண்டாம். ஹெபாரின் ஆர்என்ஏவோடு சேர்ந்து வந்து பிசிஆரைத் தடுக்கும். எடுத்ததிலிருந்து பிரிப்பது வரையான நேரம் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும். சிலவற்றுக்கு 1 மணி நேரம், சிலவற்றுக்கு 6 மணி நேரம் என்று போவதைவிட, எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம் என்று இருப்பது மேல்.

திசு என்றால் எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள், அல்லது ஆர்என்ஏலேட்டர் போன்ற காப்புத் திரவத்தில் போடுங்கள். திரவத்தில் போடுவதானால் துண்டின் ஒரு பக்கமாவது 0.5 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். பெரிய துண்டின் நடுப்பகுதிக்குத் திரவம் ஊறிப் போவதற்குள் அங்கே உள்ள ஆர்என்ஏ சிதைந்திருக்கும்.

5. ஆர்என்ஏவைப் பிரித்தெடுங்கள்

ஆர்என்ஏஸ் நொதிகள் தோலில், வியர்வையில், தூசியில் எங்கும் இருக்கின்றன. ஆட்டோகிளேவில் வைத்தாலும் அவை முழுமையாகச் செயலிழப்பதில்லை. அதனால் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். கையுறை போட்ட கையால் கைப்பேசியையோ கதவுப் பிடியையோ தொட்டால், கையுறை போடாதது போலத்தான்.

செல்களை உடைத்து ஆர்என்ஏவை வெளியே எடுக்கும் திரவமான ட்ரைசாலைப் பயன்படுத்தும் முறையில் 50 முதல் 100 மி.கி. திசுவுக்கு 1 மி.லி. திரவம். திசு கூடினால் ஆர்என்ஏ கூடும் என்று அள்ளிப் போடாதீர்கள். திரவம் திணறி, புரதமும் டிஎன்ஏவும் கூடவே வரும். அரைத்த பிறகு 1 மி.லி.க்கு 0.2 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள்.

இப்போது குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியில் இளஞ்சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே நிறமற்ற நீர். ஆர்என்ஏ மேலே உள்ள நீரில் மட்டும். டிஎன்ஏ அந்த வெள்ளைப் படலத்தில் இருக்கிறது. குழாயைச் சற்றுச் சாய்த்து, டிப்பை நீரின் மேற்பரப்பிலேயே வைத்து, மட்டம் இறங்க இறங்க டிப்பையும் இறக்கிக்கொண்டே உறிஞ்சுங்கள். வெள்ளைப் படலத்துக்கு மேல் கொஞ்சம் நீரை அப்படியே விட்டுவிடுங்கள். புதியவர்கள் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுப் படலத்தையும் இழுத்துவிடுவார்கள். மிச்சமாகும் ஆர்என்ஏவைவிட, கூட வரும் டிஎன்ஏவால் ஏற்படும் நஷ்டம் பெரிது.

எடுத்த நீரில் ஐசோபுரொப்பனால் சேர்த்துச் சுழற்றும்போது, குழாயின் வெளிப்பக்கம் வரும் சுவரில் முன்பே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஆர்என்ஏ அந்தச் சுவரில்தான் படியும், அதுவும் ஜெல்லைப் போலக் கண்ணுக்குத் தெரியாத அளவில். புள்ளி இல்லையென்றால், திரவத்தைக் கொட்டும்போது ஆர்என்ஏவையும் சேர்த்துக் கொட்டிவிடுவீர்கள். 75 சதவீத எத்தனாலில் கழுவி உலரவிடுங்கள், ஆனால் காய்ந்து வறண்டுபோக விடாதீர்கள். அதிகம் காய்ந்தால் பிறகு தண்ணீரில் கரையாது.

ஓர் எச்சரிக்கை. ட்ரைசாலிலும் பல கிட்களின் உடைப்புத் திரவத்திலும் குவானிடின் உப்பு இருக்கிறது. அந்தக் கழிவில் ப்ளீச் ஊற்றினால் நச்சு வாயு வரும். கழிவுப் பாத்திரத்தின் மேலேயே இதை எழுதி ஒட்டுங்கள்.

6. தரத்தைப் பார்த்து, தேறாததைத் தள்ளுங்கள்

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, முழுசாக இருக்கிறதா.

ஒளி உறிஞ்சல் அளவையில் 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களுக்கான 260/280 விகிதம் 2.0-ஐ ஒட்டி இருந்தால் புரதக் கலப்பு இல்லை. 260/230 விகிதம் 2.0-க்கு மேல் இருப்பது நல்லது. 1-க்கும் கீழே போனால் குவானிடின் அல்லது ஃபீனால் மிச்சமிருக்கிறது என்று பொருள்; இன்னொரு முறை எத்தனால் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். இந்தக் கருவி ஆர்என்ஏவையும் டிஎன்ஏவையும் பிரித்துப் பார்க்காது. அளவு மிகக் குறைவாக இருந்தால் ஒளிர் சாயத்தால் அளக்கும் க்யூபிட் போன்ற முறைக்குப் போங்கள்.

முழுமையை ஆர்ஐஎன் எண் சொல்கிறது. 1 என்றால் முழுச் சிதைவு, 10 என்றால் சிதையாதது. சீக்வென்சிங்குக்கு 7-க்கு மேல் என்பது பலரும் வைத்திருக்கும் வரம்பு. வரம்பைவிட முக்கியமானது சமநிலை. நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் 6-ஐச் சுற்றியும், மற்றவர்களின் மாதிரிகள் 9-ஐச் சுற்றியும் இருந்தால், தனித்தனியாகப் பார்க்க ஏற்கத்தக்கவை என்றாலும் ஒப்பிடும்போது தவறான முடிவுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த பழைய திசுக்களுக்கு ஆர்ஐஎன் பயன்படாது; அவற்றில் ஆர்என்ஏ துண்டு துண்டாகத்தான் இருக்கும். 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

7. டிஎன்ஏவை நீக்கி, சிடிஎன்ஏ தயாரியுங்கள்

பிசிஆர் ஆர்என்ஏவை நேரடியாகப் பெருக்காது; மறுபடியெடுப்பு நொதியால் அதை சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ நகலாக மாற்றிக்கொள்கிறோம். பிசிஆருக்கு ஆர்என்ஏவிலிருந்து வந்ததும் ஒன்றுதான், மாதிரியில் ஒட்டியிருந்த டிஎன்ஏவிலிருந்து வந்ததும் ஒன்றுதான். அதனால் டிஎன்ஏஸ் நொதியால் முதலில் டிஎன்ஏவை நீக்க வேண்டும். பிறகு, மறுபடியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் வையுங்கள். அதில் சிக்னல் வந்தால் அது டிஎன்ஏவினுடையது.

எவ்வளவு வந்தால் பரவாயில்லை என்று கேட்பார்கள். உண்மையான மாதிரிக்கும் இதற்கும் 7 சுற்று இடைவெளி இருந்தால், டிஎன்ஏவின் பங்கு ஏறக்குறைய 128-ல் ஒன்று, அதாவது 1 சதவீதத்துக்கும் கீழ். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2 சுற்று இடைவெளி என்றால் சிக்னலில் கால் பங்கு பொய்.

எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்என்ஏவைப் போடுங்கள்; 500 நானோகிராம் என்றால் எல்லாவற்றுக்கும் 500. நொதியின் திறன் ஆர்என்ஏவின் அளவைப் பொறுத்து மாறும். எல்லா மாதிரியையும் ஒரே நாளில், ஒரே கிட்டில் செய்து முடிப்பது நல்லது. முழு வேலையிலும் அதிகம் தடுமாறும் படி இந்த மறுபடியெடுப்புதான்.

8. பிரைமரைச் சோதிக்காமல் மாதிரியைத் தொடாதீர்கள்

பிரைமர் என்பது, பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ இழை. பெருக்கப்படும் துண்டு 70 முதல் 150 கார இணை நீளம் இருக்கட்டும். மெழுகுத் திசு என்றால் 100-க்குக் கீழ். முடிந்தவரை இரண்டு எக்ஸான்கள் (தூது ஆர்என்ஏவில் தங்கும் மரபணுப் பகுதிகள்) சேரும் இடத்தில் பிரைமர் உட்கார வேண்டும். அந்தச் சேர்க்கை டிஎன்ஏவில் இருக்காது என்பதால் அதன் தொல்லை குறையும். என்சிபிஐ தளத்தின் பிரைமர்-பிளாஸ்ட்டில் போட்டு, வேறு மரபணுவிலோ போலி மரபணுவிலோ ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

பிறகு திறனைச் சோதியுங்கள். ஒரு சிடிஎன்ஏ கலவையைப் பத்துப் பத்து மடங்காக ஐந்து படி நீர்த்து ஓட்டி, நீர்த்த அளவின் மடக்கைக்கு எதிராக சிடி எண்ணை வரையுங்கள். சிடி என்பது ஒளிர்வு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் சுற்று எண். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டித்தால் கோட்டின் சாய்வு மைனஸ் 3.32. திறன் 90-லிருந்து 110 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம்.

இதைத் தவிர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் 100 சதவீதத் திறனுக்கும் 90 சதவீதத் திறனுக்கும் இடையே 25 சுற்றில் ஏறக்குறைய 3.6 மடங்கு வித்தியாசம் சேர்ந்துவிடும்.

சைபர் கிரீன் சாயம் பயன்படுத்தினால் பெருகிய துண்டு சூட்டில் பிரியும் வெப்பநிலையைக் காட்டும் உருகல் வளைவில் ஒரே முகடு இருக்க வேண்டும். இரண்டு முகடு வந்தால், பிரைமர்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது வேறொரு துண்டும் பெருகியிருக்கலாம்.

9. ஒப்பீட்டு மரபணுவை நம்பாதீர்கள், சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மாதிரிக்கு மாதிரி ஆர்என்ஏவின் அளவும் நொதியின் வேலையும் கொஞ்சம் மாறும். அதை ஈடுகட்ட, எல்லா மாதிரியிலும் மாறாமல் இருக்கும் ஒரு மரபணுவோடு ஒப்பிடுகிறோம். அது மாறினால்? தராசின் எடைக்கல்லே ஆளுக்கு ஆள் மாறுவது போல. நிறுத்த பொருளின் மேல் குற்றமில்லை, ஆனால் எல்லாக் கணக்கும் தப்பு.

பழக்கத்தால் எல்லோரும் எடுப்பது ஜிஏபிடிஹெச் மரபணுவை. அது குளுக்கோஸை உடைக்கும் பாதையின் நொதி. இன்சுலினுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் அது எதிர்வினை காட்டும். நீரிழிவு ஆய்விலோ புற்றுக்கட்டி ஆய்விலோ அதைச் சோதிக்காமல் பயன்படுத்தினால், நோய் எதைத் தொடுகிறதோ அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அழற்சியில் ஏறும். 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மிக ஏராளமாக இருப்பதால், குறைவான மரபணுக்களோடு ஒப்பிட அது வசதியில்லை. மேலும் தூது ஆர்என்ஏவின் முனையில் இருக்கும் பாலி-ஏ வால் அதற்கு இல்லை. அந்த வாலில் ஒட்டும் ஒலிகோ டிடி பிரைமரால் சிடிஎன்ஏ செய்தால் அது ஒழுங்காகப் பிடிபடாது.

ஓர் உதாரணம். உங்கள் இலக்கு மரபணு இரு குழுவிலும் சிடி 26, அதாவது மாற்றமே இல்லை. ஒப்பீட்டு மரபணு ஆரோக்கியமானவர்களில் 20, நோயாளிகளில் 19. ஒரே ஒரு சுற்று வித்தியாசம். கணக்குப் போட்டால் இலக்கு மரபணு நோயாளிகளில் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வரும். கட்டுரையும் எழுதப்படும்.

தப்பிக்கும் வழி இருக்கிறது. ஆறு முதல் பத்து ஒப்பீட்டு மரபணுக்களை, வெவ்வேறு வேலை செய்கிறவையாகப் பார்த்து எடுங்கள். இரு குழுவிலிருந்தும் சில மாதிரிகளில் ஓட்டி, ஜிநார்ம் அல்லது நார்ம்ஃபைண்டர் மென்பொருளில் போடுங்கள். ஜிநார்மின் எம் மதிப்பு குறைவாக உள்ளவை நிலையானவை. ஒரே மாதிரித் திசுக்களில் 0.5-க்குக் கீழ் எதிர்பார்க்கலாம். குறைந்தது இரண்டை, முடிந்தால் மூன்றை வைத்துக்கொண்டு அவற்றின் பெருக்கல் சராசரியோடு ஒப்பிடுங்கள். புதிய திசுவுக்கோ புதிய நோய்க்கோ போனால் இந்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

10. பிளேட்டை அடுக்குங்கள்

ஒரு மரபணுவுக்கு எல்லா மாதிரிகளும் ஒரே பிளேட்டில் வரும்படி அடுக்குங்கள். பிளேட் மாறினால் கோடும் கொஞ்சம் மாறும். ஒரே பிளேட்டில் அடங்காவிட்டால், எல்லா பிளேட்டிலும் ஒரு பொது மாதிரியை வைத்து அதன் மூலம் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று குழிகள். சிடிஎன்ஏ இல்லாத தண்ணீர்க் குழி ஒவ்வொரு மரபணுவுக்கும் கட்டாயம். மூன்று குழிகளின் சிடி 0.3-க்கு மேல் சிதறினால் திரும்ப ஓட்டுங்கள். பிடிக்காத ஒரு குழியை மட்டும் நீக்கிச் சராசரியை அழகாக்க வேண்டாம். நீக்குவதற்கான விதியை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவைத்து, எல்லா மாதிரிக்கும் அதையே கடைப்பிடியுங்கள். சிடி 35-க்கு மேல் போனால் குழிக்குக் குழி சிதறுவது இயல்பு. அங்கே பிரதிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும்.

11. கணக்கிடுங்கள்

நோயாளி மாதிரியில் இலக்கு சிடி 26, ஒப்பீடு 20. வித்தியாசம் 6, இது டெல்டா சிடி. ஆரோக்கியமானவர் மாதிரியில் இலக்கு 28, ஒப்பீடு 20. டெல்டா சிடி 8. இரண்டுக்கும் வித்தியாசம் மைனஸ் 2. குறி மாற்றி, 2-ஐ அத்தனை அடுக்காக உயர்த்தினால் 4. நோயாளியில் வெளிப்பாடு 4 மடங்கு அதிகம். சிடி குறைந்தால் ஆர்என்ஏ அதிகம் என்பது புதியவர்களை முதல் சில வாரம் குழப்பும்.

இந்தக் கணக்கு இரு பிரைமர்களும் ஏறக்குறைய 100 சதவீதத் திறனில் வேலை செய்வதாக எடுத்துக்கொள்கிறது. எட்டாவது படியில் திறன்கள் வேறுபட்டிருந்தால், 2-க்குப் பதிலாக அந்தந்த பிரைமரின் உண்மையான பெருக்க மடங்கை (90 சதவீதத் திறன் என்றால் 1.9) போட்டுக் கணக்கிடும் ஃபாஃபல் முறைக்குப் போங்கள்.

புள்ளியியல் சோதனையை டெல்டா சிடி மதிப்புகளில் செய்யுங்கள், மடங்குகளில் செய்யாதீர்கள். ஒருவருக்கு 4 மடங்கு, இன்னொருவருக்குக் கால் மடங்கு என்றால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி மாற்றமில்லை என்றுதான் வர வேண்டும். மடங்குகளைச் சராசரி எடுத்தால் 2.1 வரும். ஏறியதெல்லாம் பெரிதாகத் தெரியும், இறங்கியதெல்லாம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒடுங்கிவிடும். சோதனையை முடித்துவிட்டு, வாசகருக்குச் சொல்லும்போது மட்டும் மடங்காக மாற்றுங்கள்.

12. சீக்வென்சிங் என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

மொத்த ஆர்என்ஏவில் 80 சதவீதத்துக்கு மேல் ரைபோசோம் ஆர்என்ஏ. அதை நீக்காவிட்டால் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். முழுமையான ஆர்என்ஏ என்றால் பாலி-ஏ வாலைப் பிடித்துப் பிரிக்கலாம்; சிதைந்தது என்றால் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறையே சரி. முழு ரத்தம் என்றால் குளோபின் ஆர்என்ஏவையும் நீக்க வேண்டும். சிவப்பணு முன்னோடிகளிலிருந்து வரும் அது ரத்தத் தூது ஆர்என்ஏவில் பாதிக்கும் மேல் இடம்பிடித்துக்கொள்ளும்.

குழுக்களை ஒப்பிடுவது மட்டும் நோக்கம் என்றால் மாதிரிக்கு 2 முதல் 3 கோடி ரீடுகள் (கருவி படித்த துண்டுகள்) பொதுவாகப் போதும். அதற்கு மேல் ஆழம் போவதைவிட ஆட்களைக் கூட்டுவது பலன் தரும்.

தரவு வந்ததும் முதல் வேலை, மாதிரி மாறிப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸ்ஐஎஸ்டி மரபணு பெண்களில் உயர்ந்திருக்கும். ஆர்பிஎஸ்4ஒய்1 போன்ற ஒய் குரோமோசோம் மரபணுக்கள் ஆண்களில் மட்டும் தெரியும். பதிவேட்டில் உள்ள பாலினத்தோடு இது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ குழாய் மாறியிருக்கிறது. அடுத்து, எந்த மாதிரி எதோடு ஒத்திருக்கிறது என்று காட்டும் முதன்மைக் கூறு வரைபடம் போட்டு, புள்ளிகளை நோய்வாரியாக ஒருமுறையும் தொகுப்புவாரியாக ஒருமுறையும் வண்ணமிடுங்கள். தொகுப்புவாரியாகப் பிரிந்து நின்றால் அதைப் புள்ளியியல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குழுக்களிடையே வெளிப்பாட்டை ஒப்பிடும் மென்பொருள்களான டிஇசீக்2, எட்ஜ்ஆர் இரண்டுக்கும் திருத்தாத எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். மரபணுவின் நீளத்துக்கும் மொத்த ரீடுகளுக்கும் ஏற்பச் சரிசெய்து டிபிஎம் ஆக மாற்றிய எண்ணைக் கொடுத்தாலும் அவை ஓடி முடித்து ஒரு பட்டியலைத் தந்துவிடும். அந்தப் பட்டியலுக்கு மதிப்பில்லை. புரதம் தரும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. 0.05 என்ற பி-மதிப்பு வரம்பை அப்படியே வைத்தால், எதுவுமே மாறாத நிலையிலும் சுமார் 1,000 மரபணுக்கள் மாறியதாகத் தெரியும். அதனால் ஒரே நேரத்தில் பல சோதனைகள் செய்வதற்காகத் திருத்திய பி-மதிப்பை மட்டும் பாருங்கள்.

மரபணுப் பட்டியலை எக்செல்லில் நேரடியாகத் திறக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்கள் தேதியாக மாறிவிடும். இந்தத் தொல்லையின் காரணமாகவே மனித மரபணுப் பெயரிடல் குழு 2020-ல் அந்தப் பெயர்களை மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மரபணு நெடுவரிசையை உரை வடிவமாகக் குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள், அல்லது நிலையான அடையாள எண்ணைப் பயன்படுத்துங்கள்.

13. எழுதுங்கள், தரவைக் கொடுங்கள்

கியூபிசிஆர் ஆய்வில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2009-ல் வந்த எம்ஐக்யூஇ வழிகாட்டுதல் பட்டியலிட்டிருக்கிறது. 2025-ல் அதன் புதிய பதிப்பும் வந்துவிட்டது. அந்தப் பட்டியலைக் கட்டுரை எழுதும்போது தேடாமல், முதல் மாதிரி எடுக்கும் நாளிலேயே அச்சிட்டு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஆர்என்ஏ தரம், டிஎன்ஏஸ் விவரம், பிரைமர் வரிசை, திறன், ஒப்பீட்டு மரபணுவைத் தேர்ந்த விதம், நீக்கிய மாதிரிகள், நீக்கிய காரணம் எல்லாம் அதில் உண்டு. அன்றன்றைக்குக் குறித்திருந்தால் பின்னால் அரை மணி நேர வேலை. குறிக்காமல் விட்டவற்றில் பலவற்றை மீட்கவே முடியாது.

சீக்வென்சிங் தரவை ஜிஇஓ போன்ற களஞ்சியத்தில் பதிவேற்றுங்கள். மனிதரின் ரீடுகளில் அவர்களின் மரபணு வேறுபாடுகளும் தெரியும் என்பதால், அடையாளத்தைக் காக்க வேண்டிய தரவு டிபிகேப் போன்ற கட்டுப்பாட்டு அணுகல் களஞ்சியத்துக்குப் போக வேண்டும்; மரபணுவாரியான எண்ணிக்கை அட்டவணையை மட்டும் திறந்த களஞ்சியத்தில் வைக்கலாம். எது எங்கே போகலாம் என்பதை, தொடக்கத்தில் வாங்கிய ஒப்புதல் படிவத்தின் வாசகம்தான் முடிவு செய்யும். பதிவேற்றும் முன் அதை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.